வயது வரம்பும் தாய்மை நலமும்: மைசூர் அரசு முதல் பெங்களூரு மாநகர் வரை

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுத்துள்ளது. பாட்டியல் நூல்களிடையே வயதுக் கணக்கில் வேறுபாடுகள் உண்டெனினும், பரவலாக வழங்கும் பகுப்பின்படி மடந்தைப் பருவம் 14 முதல் 19 வரையிலான ஆண்டுகளைக் குறிக்கும். உலா நூல்கள் இப்பருவத்துப் பெண்ணைக் காதல்வயப்பட்டவளாகப் பாடின. இக்கால மருத்துவம் அவளைப் பேறுகால இடர் மிகுந்தவளாகக் காண்கிறது. இக்காலச் சட்டமோ அப்பருவத்தின் நடுவே 18 வயது என்னும் கோட்டை வரைந்து, கோட்டின் ஒருபுறம் குழந்தை என்றும் மறுபுறம் பெண் என்றும் பெயரிடுகிறது.

இப்பருவத்தில் கருவுற்ற, மகப்பேறு எய்திய பெண்களுக்கு அரசும் சமுதாயமும் அளித்துவந்த நலத்துணையின் வரலாற்றைப் பெங்களூருவை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இளவயது மணத்தைத் தடுத்தல், அம்மணத்திற்கு ஆட்பட்டுக் கருவுற்ற பெண்ணைக் காத்தல் ஆகிய இரண்டும் வெவ்வேறு பணிகள். முதற்பணிக்காக வகுக்கப்பட்ட வயது வரம்பு காலப்போக்கில் இரண்டாம் பணிக்கும் கடன் வாங்கப்பட்டது. அதனால், பெற்றோரையும் மணம் முடிப்போரையும் தடுக்க எழுந்த வரம்பு, உதவி நாடி வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும் வரம்பாக மாறியது. இம்மாற்றத்தை ஆவணங்களின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குப் பெங்களூரு பொருத்தமான களம். 1881 முதல் 1947 வரை இந்நகரின் பேட்டைப் பகுதி மைசூர் அரசின் ஆட்சியிலும், தண்டுப் பகுதி ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலும் இருந்தன. தண்டுப் பகுதியில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். இளவயது மணத்திற்கு எதிரான தொடக்ககாலச் சட்டங்களுள் ஒன்றும், அரசு நடத்திய கருத்தடை நிலையங்களுள் முதன்மையானவையும், அண்மைக்காலத்தின் மிகக் கடுமையான திருத்தச் சட்டமும் இம்மண்ணிலேயே தோன்றின.

1894ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் இளவயதுத் தாய்மை பற்றிய சட்ட விவாதம் ஒரு சிறுமியின் இறப்பிலிருந்து தொடங்கியது எனலாம். 1889இல் வங்காளத்தில் புல்மணி தாசி என்னும் சிறுமி, வயதில் மிக மூத்த கணவனின் உறவால் உயிரிழந்தாள். அன்றைய தண்டனைச் சட்டத்தில் இசைவு வயது 10 ஆக இருந்தமையாலும், அச்சிறுமி அவ்வயதைக் கடந்திருந்தமையாலும் கணவன் மீது வன்புணர்ச்சிக் குற்றம் சாட்ட இயலவில்லை. அவனுக்குச் சிறு தண்டனையே கிடைத்தது. இதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியை அடுத்து 1891இல் இசைவு வயது 12 ஆக உயர்த்தப்பட்டது.

மூன்றாண்டுகள் கழித்து மைசூர் அரசு இதே சிக்கலை வேறொரு வழியில் அணுகியது. திவான் சேஷாத்திரி ஐயரின் காலத்தில், 1894இல், மைசூர்க் குழந்தை மணத் தடுப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. எட்டு வயதிற்குக் குறைந்த சிறுமியரின் மணத்தை அச்சட்டம் தடைசெய்தது. 50 வயது கடந்த ஆடவர் 14 வயது நிரம்பாத சிறுமியரை மணப்பதையும் தடைசெய்தது. பிரித்தானிய இந்தியாவின் சட்டம் படுக்கையறையை நோக்க, மைசூர்ச் சட்டம் மணப்பந்தலை நோக்கியது என்பது இங்குக் கருதத்தக்கது.

அச்சட்டம் தன் காலத்தில் துணிவான முயற்சியே. எனினும் அதன் எல்லை தெளிவானது. எட்டு வயதைக் கடந்து, 50 வயதிற்கு உட்பட்ட ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, 13 அல்லது 14 வயதில் கருவுறும் சிறுமியைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் கூறவில்லை. தடை மீறப்பட்டால் யாரைத் தண்டிப்பது என்று அது கூறியது. மீறப்பட்ட பின் அச்சிறுமியை யார் பார்த்துக்கொள்வது என்று கூறவில்லை. இப்பொறுப்பு அவள் தாயிடமும், மாமியாரிடமும், ஊர் மருத்துவச்சியிடமும் விடப்பட்டது.

மருத்துவமனையும் நல அலகும்

சட்டம் பேசாது விட்ட இடத்தில் மருத்துவம் மெல்ல நுழைந்தது. மைசூர் அரசி கெம்பநஞ்சம்மணி 1878இல், தம் 12ஆம் வயதில், மணம்புரிந்தவர். கணவர் பத்தாம் சாமராஜ உடையார் 1894இல் மறைந்த பின், 1895 முதல் 1902 வரை மகனுக்காக ஆட்சிப் பொறுப்பை வகித்தார். வாணி விலாச சந்நிதானம் என்னும் அவருடைய பட்டப்பெயரைத் தாங்கிய மகளிர், குழந்தைகள் மருத்துவமனை 1935இல் பெங்களூருவில் திறக்கப்பட்டது. இளவயதில் மணமுடிக்கப்பட்ட ஒருவரின் பெயரால் அமைந்த அம்மருத்துவமனை, பின்வந்த பல தலைமுறை இளந்தாய்மாருக்குப் புகலிடமானது.

இதற்குச் சற்று முன்னர் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் மைசூர் அரசு 1929இல் மண்டியாவில் நல அலகு ஒன்றை நிறுவி, தொற்றுநோய்த் தடுப்புடன் தாய்சேய் நலப் பணியையும் ஊரகத்திற்குக் கொண்டுசென்றது. 1930இல் பெங்களூருவிலும் மைசூரிலும் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்களைத் திறக்க ஆணையிட்டது. உலகில் அரசே முன்வந்து நடத்திய முதல் கருத்தடை நிலையங்களாக இவை வரலாற்றில் குறிக்கப்படுகின்றன. கருவுறுதல் குடும்பத்தின் தனிச்செய்தி மட்டுமன்று, அது பொதுநலத்துறையின் கவனத்திற்கும் உரியது என்பதை இம்முயற்சிகள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் இவை தாய் என்னும் பொதுப்பெயரால் அனைவரையும் நோக்கின. தாயே இன்னும் வளர்ச்சி முற்றாத சிறுமியாக இருக்கும் நிலையைத் தனியே பிரித்துக் கருதவில்லை.

சாரதா சட்டமும் முத்துலட்சுமி ரெட்டியும்

பிரித்தானிய இந்தியாவில் இசைவு வயது பற்றி ஆராய 1928இல் அமைக்கப்பட்ட ஜோஷி குழு, நாடெங்கும் மருத்துவர்களிடமும் பிறரிடமும் சான்றுகளைத் திரட்டி 1929இல் அறிக்கை அளித்தது. இளவயது மகப்பேறு தாயின் உடலையும் சேயின் உயிரையும் எவ்வாறு சிதைக்கிறது என்பதற்கு அச்சான்றுகள் பெருந்தொகுப்பாக அமைந்தன. அதே ஆண்டில் நிறைவேறிய குழந்தை மணத் தடைச் சட்டம், சாரதா சட்டம் என வழங்கப்பெற்று, பெண்ணின் மண வயதை 14 என வரையறுத்தது. அவ்வயது 1949இல் 15 ஆகவும், 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது.

சென்னைச் சட்டமன்றத்தில் 1927இல் இடம்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மண வயதை உயர்த்தப் போராடியவர்களுள் முன்னணியில் நின்றார். அவர் சட்டமியற்றுவோராக மட்டுமன்றி மருத்துவராகவும் இருந்தார். ஆதரவற்ற சிறுமியர்க்கு ஔவை இல்லத்தை உருவாக்கினார். தடைசெய்யும் சட்டமும் தாங்கிக்கொள்ளும் இல்லமும் சேர்ந்தே இயங்கவேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது. பின்வந்த நலத்திட்டங்கள் அவர் பெயரை எடுத்துக்கொண்டன. இவ்விணைப்பை எந்த அளவிற்கு எடுத்துக்கொண்டன என்பது ஆராயத்தக்கது.

ஒரு பெண், பல பதிவேடுகள்

விடுதலைக்குப் பிந்தைய காலத்தில் அரசின் நலத்துணை பதிவேடுகளின் வழியே பெண்ணை அடைந்தது. ஒவ்வொரு பதிவேடும் அவளை வெவ்வேறு வயதில் கண்டது என்பதே இக்காலகட்டத்தின் தனித்தன்மை.

முதலாவது, குடும்பநலத் துறையின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. மனைவியின் வயது 15 ஆனதும் அத்தம்பதியர் இதில் இடம்பெறுவர். மண வயது 1978இல் 18 ஆக உயர்ந்த பின்னரும் இவ்வரையறை மாறவில்லை. 15 வயதில் மனைவியாக இருத்தல் சட்டத்திற்கு மாறானது. கருத்தடைக் கணக்கிற்கோ அது இயல்பானது.

இரண்டாவது, அங்கன்வாடிப் பதிவேடு. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2இல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது துணையுணவு அளித்தது. இதில் குறைந்தபட்ச வயது இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் உணவு உரியது என்றே கூறுகிறது. கருநாடக அரசு 2017 அக்டோபர் 2இல் தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டத்தில் நண்பகல் உணவை அங்கன்வாடியிலேயே உண்ணும் முறை ஏற்பட்டது.

மூன்றாவது, பேறுகால மருத்துவப் பதிவேடு. 2016இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில், ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கருவுற்ற பெண்கள் மருத்துவரால் சோதிக்கப்படுகின்றனர். 20 வயதிற்குக் குறைந்த முதற்கருவினர் இதில் இடர் மிகுந்தோர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். பேறுகால வலிப்பு, பேற்றுக்குப் பிந்தைய தொற்று, குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த குழந்தை ஆகியன இவ்வயதினரிடம் மிகுதி என்பது உலக நலவாழ்வு நிறுவனமும் வலியுறுத்தும் உண்மை.

நான்காவது, உதவித்தொகைப் பதிவேடு. முதல் மூன்றும் அவளை ஏதேனும் ஒருவகையில் உள்ளே சேர்த்துக்கொள்ள, இது மட்டும் அவளை வெளியே நிறுத்தியது.

பத்தொன்பது வயது நிபந்தனை

1995 ஆகஸ்டு 15இல் தொடங்கிய தேசிய மகப்பேறு நலத்திட்டம், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு முதலில் 300 ரூபாயும் பின்னர் 500 ரூபாயும் வழங்கியது. பெண் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதலிரு பேறுகளுக்கு மட்டுமே உதவி என்பன அதன் நிபந்தனைகள். 2005இல் அதன் இடத்தில் ஜனனி சுரட்சா திட்டம் வந்தது. இத்திட்டம் மாநிலங்களை இருவகைப்படுத்தியது. மருத்துவமனைப் பேறு குறைந்த மாநிலங்களில் வயது பாராமல் உதவி கிடைத்தது. கருநாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட முன்னேறிய மாநிலங்களில் 19 வயது நிபந்தனை தொடர்ந்தது. இதனால், ஒரே வயதில் மருத்துவமனையில் மகப்பேறு எய்திய இருவருள், பீகாரில் இருந்தவள் உதவி பெறவும் பெங்களூருவில் இருந்தவள் பெறாமற்போகவும் நேர்ந்தது. 2013 மே மாதத்தில் நடுவண் அரசு இந்நிபந்தனையை நீக்கியது.

ஆயினும் அச்சிந்தனை மறையவில்லை. 2010இல் தொடங்கிய இந்திரா காந்தி தாய்மை உதவித் திட்டமும் 19 வயதையே வரம்பாகக் கொண்டது. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு விதிகள் 18 ஆண்டு 7 மாதம் என்னும் வரம்பை விதித்தன. தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கி, 2018 முதல் 18,000 ரூபாய் அளவிலான உதவியாக வளர்ந்த மகப்பேறு உதவித்திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. அதிலும் பயனாளி 19 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும் என்பது விதி.

இந்நிபந்தனைக்கு ஆதரவான வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இளவயதுத் தாய்க்கு அரசே பணம் அளித்தால் அது இளவயது மணத்தை ஊக்குவிக்கும், சட்டம் தடுப்பதை நலத்திட்டம் ஏற்பதாகும் என்பது அவ்வாதம். அதன் நோக்கம் நேர்மையானது. ஆனால் இரண்டு இடங்களில் அது நிலைகொள்ளவில்லை. மணத்தை முடிவு செய்வோர் பெரும்பாலும் பெற்றோர். உதவியை இழப்பவளோ பெண். மேலும், தண்டனையால் திருந்த வேண்டிய முடிவு நிகழ்ந்து முடிந்த பின்னரே இத்தண்டனை வருகிறது. அன்றியும், உதவி வயதைப் பொறுத்தது எனில் வயதைக் கூட்டிச் சொல்லும் தூண்டுதல் எழும். 17 வயதினள் 20 எனப் பதிவு செய்யப்படின், இடர் மிகுந்தோர் பட்டியலில் அவள் இடம்பெறமாட்டாள். பணத்திற்காக வைத்த வரம்பு மருத்துவத்தின் கண்ணையும் மறைத்துவிடக்கூடும்.

மண வயதும் தாய்மை வயதும் எப்போதும் ஒன்றாக நகர்வன அல்ல என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகளும் காட்டுகின்றன. 20 முதல் 24 வயதுப் பெண்களுள் 18 வயதிற்கு முன் மணமுடிக்கப்பட்டோர் கருநாடகத்தில் 2015-16இல் 21.4 விழுக்காடு, 2019-21இல் 21.3 விழுக்காடு. ஏறக்குறைய மாற்றமில்லை. இதே காலத்தில் 15 முதல் 19 வயதிற்குள் தாயானோர் அல்லது கருவுற்றோர் அங்கு 7.8 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தனர். தமிழ்நாட்டிலோ இளவயது மணம் 16.3 விழுக்காட்டிலிருந்து 12.8 ஆகக் குறைய, பதின்பருவத் தாய்மை 5.0 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆக உயர்ந்தது. முதலாவது அளவீடு சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மணங்களைக் கணக்கிடுகிறது, இரண்டாவது ஆய்வுக்கால நிலையைக் கணக்கிடுகிறது என்பதை மனங்கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்ளினும், மணத்தைத் தடுத்தால் மட்டும் போதும் என்னும் முடிவிற்கு இவ்வெண்கள் இடந்தரவில்லை.

குற்றவியல் சட்டமும் மருத்துவமனை வாயிலும்

கடந்த சில பதின்ம ஆண்டுகளில் சட்டம் மேலும் கடுமையானது. 2006ஆம் ஆண்டுக் குழந்தை மணத் தடைச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி நீதிபதி சிவராஜ் பாட்டீல் தலைமையில் அமைந்த குழு, மாநிலத்தில் குழந்தை மணத்தைத் தடுப்பது குறித்து 2011இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாகக் கருநாடகம் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி குழந்தை மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என அறிவித்தது. 2017 அக்டோபர் 11இல் 18 வயதிற்குக் குறைந்த மனைவியுடனான உறவையும் வன்புணர்ச்சியாகக் கொண்டு தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், கருநாடகத்தின் இத்திருத்தத்தைப் பிற மாநிலங்களும் பின்பற்றலாம் எனப் பாராட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வயதையே ஏற்றது.

இவற்றுடன் 2012இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். அச்சட்டத்தின்படி 18 வயதிற்குக் குறைந்தோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. சிறுமியின் கருவே குற்றத்தின் சான்றாகிவிடுவதால், அவளைச் சோதிக்கும் மருத்துவர் சிகிச்சை அளிப்பவராகவும் முறையிடுபவராகவும் ஒரே நேரத்தில் ஆகிறார்.

வன்முறைக்கு ஆட்பட்ட சிறுமிக்கு இக்கடமை அரணாகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் 17 வயதில் கணவனுடன் வாழும் பெண்ணுக்கு, மருத்துவமனைக்குச் செல்வது கணவன் சிறை செல்வதற்கு வழியாகிறது. அச்சத்தால் அவள் சோதனைக்கு வரத் தாழ்ப்பாளாயின், இரத்தசோகையும் இரத்தக் கொதிப்பும் கண்டறியப்படாமலே மாதங்கள் கழியும். இச்சிக்கலை உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பில் ஓரளவு உணர்ந்தது. கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டினால், காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று அது கூறியது. இவ்விலக்கு கருக்கலைப்பைச் சார்ந்தே அமைந்தது. கருவைச் சுமந்து பெற்றெடுக்கும் சிறுமியின் மறைகாப்பு இன்னும் விடை காணாத வினாவாகவே நிற்கிறது.

சமுதாயத் துணை: மாற்று வழிகள்

வயதை விலக்கும் காரணமாகக் கொள்ளாமல், சேர்க்கும் காரணமாகக் கொண்ட முயற்சிகளும் வரலாற்றில் உள்ளன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த எல்மைரா நகரில் 1978இல் தொடங்கிய ஆய்வில், முதன்முறை கருவுற்ற 400 பெண்கள் சேர்க்கப்பட்டனர். 19 வயதிற்குக் குறைந்திருத்தல், மணமாகாதிருத்தல், வறுமை ஆகியன அதில் சேர்வதற்கான தகுதிகள். செவிலியர் கருவுற்ற காலம் முதல் குழந்தையின் இரண்டாம் ஆண்டு வரை வீடு தேடிச் சென்று துணைநின்றனர். அதே 1978இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் தொடங்கப்பெற்ற மகளிர் மையம், கருவுற்றதால் பள்ளியை விட்ட சிறுமியர்க்குக் கல்வியும் பேறுகாலக் கவனிப்பும் அளித்து, குழந்தை பிறந்த பின் மீண்டும் பள்ளிக்கு அனுப்பியது. இந்தியாவில் 19 என்பது உதவி தொடங்கும் வயதாக அமைய, எல்மைராவில் அதே 19 என்பது தனிக்கவனம் முடியும் வயதாக அமைந்தது.

பெங்களூருவிலும் இத்தகைய கூறுகள் சிதறிக் கிடக்கின்றன. 1990களில் உலக வங்கியின் துணையுடன் நடந்த எட்டாம் இந்திய மக்கள்தொகைத் திட்டத்தின்போது, மாநகராட்சியின் நல மையங்கள் குடிசைப் பகுதிகளை நோக்கி விரிந்தன. அப்பகுதிப் பெண்களே இணைப்புப் பணியாளர்களாக வீடுதோறும் சென்று, கருவுற்றோரை மையங்களுக்கு அழைத்து வந்தனர். இரு மகப்பேறு மருத்துவர்கள் 2001இல் இந்நகரில் தொடங்கிய என்ஃபோல்டு அறக்கட்டளை பாலியல் கல்வியிலும் குழந்தைப் பாதுகாப்பிலும் ஈடுபட்டது. 2011இல் பெங்களூரு பாப்டிஸ்ட் மருத்துவமனையில் அவ்வமைப்பின் முயற்சியால் ஓர் ஒருங்கிணைந்த குழந்தை உதவிப் பிரிவு உருவானது. பாலியல் வன்முறைக்கு ஆட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவம், உளத்துணை, சட்டத்துணை ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் நோக்கில் அது அமைந்தது. 2014 சனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம், 10 முதல் 19 வயதினருக்கெனத் தனி மருத்துவ நேரத்தையும் ஆலோசனையையும் வகுத்தது. இவற்றுள் எதுவும் கருவுற்ற பதின்பருவப் பெண்ணைத் தன் முதன்மைப் பயனாளியாகக் கொண்டதன்று. ஆயினும் அவளுக்கான திட்டம் ஒன்றை உருவாக்கத் தேவையான வீட்டு வருகை, மறைகாப்புடைய ஆலோசனை, ஓரிடத் துணை ஆகிய மூன்றும் இந்நகரின் பட்டறிவிலேயே உள்ளன.

முடிவுரை

1894 முதல் இன்று வரை மண வயது 8இலிருந்து 18 ஆக உயர்ந்துள்ளது. இது பெருஞ்சாதனை, எண்ணற்ற சிறுமியரின் உயிரைக் காத்த சாதனை. அதன் நிழலில் மற்றொரு வரலாறும் தொடர்ந்து வந்துள்ளது. தடை தவறிய இடத்தில் தாயான சிறுமியை 1894ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடாமல் விட்டது. 1995க்குப் பிந்தைய உதவித்திட்டங்கள் அவளைக் குறிப்பிட்டே விலக்கின. 2012க்குப் பிந்தைய குற்றவியல் சட்டங்கள் அவளைக் குழந்தையெனக் காத்தன. ஆனால் அவள் ஒரு குழந்தைக்குத் தாயும் ஆவாள் என்பதற்கு இடம் வைக்கவில்லை.

மண வயதை உறுதியாகப் பேணுவதும், அவ்வயதிற்கு முன் கருவுற்றவளுக்கு நிபந்தனையின்றி உதவுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. உணவுத் திட்டம் வயது கேட்பதில்லை. அதனால் இளவயது மணம் பெருகிற்று என எவரும் கூறுவதில்லை. அவ்வளவுகோலை உதவித்தொகைக்கும் பொருத்துவதும், பேற்றுக்கு வரும் சிறுமியின் அடையாளத்தைக் காப்பதும், இளந்தாய் மீண்டும் பள்ளி செல்ல வழிசெய்வதும் உடனடித் தேவைகளாகும். பருவப் பகுப்பை வகுத்த தமிழ் மரபு மடந்தை என்னும் ஒரே சொல்லால் 17 வயதினளையும் 19 வயதினளையும் ஒருசேரச் சுட்டியது. நலத்துணையின் பதிவேடுகளும் அவ்விருவரையும் ஒரே வரிசையில் எழுத முன்வருதல் வேண்டும்.